கை செய்யும் வேலையைக் காலுக்குக் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் டிடிபி வேலை செய்கிறேன். புத்தகப் பக்கங்கள், கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் என்று நாள் முழுக்க கீபோர்டும் மவுஸும்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வலி ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க முடியாமல் போனது. தசைநாண் உறையில் வீக்கம், கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். ஓய்வு கொடுத்தால் சோறு கிடைக்காது. அப்போதுதான் மவுஸ், கீபோர்டு பட்டன்களைக் காலால் அமுக்க, கம்ப்யூட்டரோடு இணைகிற மிதியை மேசைக்கு அடியில் வைக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அங்கே மூன்று மிதிகள் இருக்கின்றன, வலி பெரும்பாலும் போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பதையும், கைவலிக்காரர்கள் போனில் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கை இருக்கும்போது எதற்குக் கால்?

மூன்று வகை ஆட்களுக்கு இது தேவைப்படுகிறது. கை வலிக்கிறவர்கள், கை வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள், கையே இல்லாதவர்கள். நான் முதல் வகை. என் அம்மா இரண்டாம் வகை, நாற்பது வருடம் பிளவுஸ் தைத்தவர்.

அம்மாவின் மெஷினைச் சின்ன வயதில் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். பூவேலை போட்ட இரும்பு மிதி, அதில் இரண்டு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும்: வலது பாதத்தின் முன்பக்கம் படும் இடம், இடது குதிகால் படும் இடம். இரண்டு பாதத்தையும் கொஞ்சம் முன்பின்னாக வைத்து, ஒன்று அழுத்தும்போது மற்றது இளகும்படி ஆட்டுவார். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், இரண்டையும் இணைக்கும் தோல் பெல்ட், அதனால் காலின் ஓர் அசைவுக்கு ஊசி பல முறை ஏறி இறங்கும். தொடங்கும்போது மட்டும் வலது கையால் மேல் சக்கரத்தைத் தன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டால் நூல் சிக்கி அறுந்துவிடும். அதன் பிறகு இரண்டு கையும் துணியோடு மட்டும்தான். கழுத்து வளைவு வரும்போது கால் தானாக மெதுவாகிவிடும், மூலையில் ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிற்கும். காலுக்கு அது எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

எனக்கு மணிக்கட்டு வலி வந்தபோது நினைவுக்கு வந்தது அந்த மிதிதான்.

காலால் எது நன்றாக வரும், எது வராது?

இதை முதலிலேயே தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிப் பேர் நடுவில் கைவிட மாட்டார்கள். பிடித்து வைத்திருப்பது, அழுத்துவது, ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டிருப்பது, போடுவது, நிறுத்துவது எல்லாம் காலுக்கு வரும், சிலவற்றில் கையைவிட நன்றாக வரும், ஏனென்றால் உடம்பின் பாரமும் தொடையின் பலமும் அங்கே இருக்கின்றன. குறிபார்த்து ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வராது. ஒரே குறியைத் தொடக் காலுக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடிக்கிறது என்று பரிசோதித்தவர்கள் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதுதான்.

ஆகவே மவுஸை நகர்த்துவது கையிடம் இருக்கட்டும், அமுக்குவதைக் காலிடம் கொடுங்கள். பலர் நேர் எதிராக ஆரம்பிக்கிறார்கள், மவுஸையே தரையில் போட்டுக் காலால் உருட்டப் பார்த்துவிட்டு ஒரே நாளில் வெறுத்துப்போகிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகம் இதை முயன்று பார்க்காமல் இல்லை. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் ஏங்கல்பார்ட்டின் குழு 1960களில் அதைச் சோதித்தபோது, மேசைக்கு அடியில் முழங்காலால் அசைக்கும் ஒரு கருவியையும் கூடவே வைத்துச் சோதித்தது. புதிதாகப் பழகுகிறவர்களிடம் அது நன்றாகவே தேறியது. 1986இல் காலால் இயக்கும் கருவிகளுக்கு ‘மோல்’, அதாவது மண்ணுக்கு அடியில் வளை தோண்டும் பிராணியின் பெயரை வைத்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். மேசைமேல் எலி, அடியில் அது. கடைக்கு வந்ததும் உலகம் முழுக்கப் பரவியதும் மவுஸ்தான்.

இது வெளிநாட்டுச் சமாச்சாரமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். உங்கள் பாட்டி அரிவாள்மணையில் எப்படிக் காய் நறுக்கினார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, மற்றதைப் பலகைமேல் வைத்து அழுத்திக்கொள்வார். கத்தி அசையாது, காய்தான் கத்தியை நோக்கிப் போகும். பலகையைப் பிடிக்க ஒரு கை செலவாகியிருந்தால் பூசணிக்காயை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பிளந்திருக்க முடியாது. தச்சர் மரத்துண்டைக் கால்விரலுக்கும் பாதத்துக்கும் நடுவில் கவ்விக்கொண்டு உளியைப் போடுவதும் இதே கணக்கு.

குழித்தறியை நேரில் பார்த்ததில்லை என்றால் காஞ்சிபுரம் பக்கம் போகும்போது ஒரு தறிவீட்டில் கேட்டுவிட்டுப் பாருங்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால் இரண்டையும் உள்ளே விட்டிருப்பார். ஒரு மிதியை அழுத்தினால் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களில் பாதி மேலே போய் மீதி கீழே இறங்கும், நடுவில் திறக்கும் வாய்க்குள் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா பறக்கும். அடுத்த காலை அழுத்தினால் மேலிருந்தது கீழே, கீழிருந்தது மேலே. ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது, இன்னொரு கை அடித்துச் சேர்க்கிறது, கால் இரண்டும் மாறி மாறி இறங்குகின்றன. நான்கு உறுப்பும் நான்கு வேலை. ஒரு கை குறைந்தாலும் தறி நின்றுவிடும், ஒரு கால் குறைந்தாலும் நின்றுவிடும்.

அப்புறம் ஏற்றம். மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து, உடம்பின் பாரத்தாலேயே கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தார்கள். ‘ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை’ என்ற பழமொழி இருக்கிறது, ஏற்றம்தான் இல்லை. ஊர் ஊராக இருந்த சின்ன அச்சகங்களில் ட்ரெடில் மெஷினைக் காலால் மிதித்துத்தான் நோட்டீஸ் அடித்தார்கள், என் தொழிலுக்கே அதுதான் தாத்தா. ஸ்பெஷல் நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் காலால் துருத்தியை மிதித்து இரண்டு கையாலும் வாசித்தார்.

மற்ற நாடுகளிலும் உண்டு. மொராக்கோவில் மராகேஷ் கடைத்தெருவில் மரக்கடைசல்காரர்கள் ஒரு கையால் வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றிக்கொண்டே, வெறுங்காலின் விரல்களால் உளியை நகர்த்துகிறார்கள். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயர் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள் வளைந்த மரக்கழியைக் கயிற்றால் மிதியோடு கட்டி வேலை செய்தார்கள். வங்கதேசத்தில் 1980களில் தொடங்கி மூங்கிலும் இரும்புக் குழாயும் கொண்ட மிதி பம்பு சிறு விவசாயிகளிடம் லட்சக்கணக்கில் பரவியது, டீசல் வாங்க முடியாதவர்களுக்குக் கால்தான் எஞ்சின்.

புத்தகத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்வோமே. எழுதுகிற கருவியை மிதிப்பது தப்பில்லையா?

பெரியவர்கள் கேட்பது இதுதான். ஒரு தமிழாசிரியர் என் கடையில் நின்று கேட்டார், திருக்குறள் உரையைப் பக்கம் கட்டும்போது காலாலா அமுக்குகிறீர்கள் என்று. அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. எனக்கும் முதல் மாதம் அந்தச் சங்கடம் இருந்தது என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா ஆயுத பூஜை அன்று மெஷினைத் துடைத்து, சக்கரத்துக்கும் ஊசித் தண்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாகக் குனிந்து மிதிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வருடம் முழுக்கத் தான் மிதித்த அதே இரும்புக்கு. வைத்துவிட்டுத் தொட்டுக் கும்பிடுவார். மறுநாள் காலையில் அதே குங்குமத்தின்மேல் காலை வைத்து மிதிப்பார். அவமரியாதை என்று அவருக்கோ வேறு யாருக்கோ தோன்றியதே இல்லை. கால் படுவதும் உதைப்பதும் வேறு, கால் உழைப்பது வேறு. நான் இப்போது சரஸ்வதி பூஜைக்கு மூன்று மிதிகளையும் மேசைமேல் எடுத்து வைத்துத்தான் பொட்டு வைக்கிறேன். தமிழாசிரியரிடம் இதைச் சொன்னேன். அடுத்த தடவை வந்தபோது குனிந்து பார்த்து, எந்த மிதி எதற்கு என்று கேட்டார்.

சரி, மேசை வேலைக்கு எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு மிதி. அதற்கு இடது கிளிக். இரண்டு வாரம் வேறெதுவும் வேண்டாம்.

யூஎஸ்பி மிதியைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஒரு கீபோர்டாகவோ மவுஸாகவோதான் பார்க்கும். கூட வரும் மென்பொருளில் எந்த விசை, எந்தக் கிளிக் என்று குறித்துவிடலாம். சாதாரணக் கிளிக்கைவிட இழுத்துப் போடுவதில்தான் வித்தியாசம் தெரியும்: படத்தைப் பிடித்து இழுக்கும்போது விரல் அழுத்திக்கொண்டே கை நகர வேண்டும், மணிக்கட்டைக் கெடுப்பது அந்த இரட்டை வேலைதான். அழுத்திப் பிடிப்பதைக் கால் எடுத்துக்கொண்டால் கை சும்மா மேலே மிதந்துகொண்டு போகும். மிதி வாங்கும் முன் சோதிக்க வேண்டுமென்றால் விண்டோஸில் மவுஸ் அமைப்பில் கிளிக்லாக் என்று ஒன்று இருக்கிறது, கொஞ்ச நேரம் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அதிலேயே வலி குறைகிறதென்றால் உங்கள் பிரச்சினை பிடித்து வைப்பதில்தான்.

அடுத்தது ஷிஃப்ட். தமிழில் அடிக்கிறவர்களுக்கு இது முக்கியம். பழைய தட்டச்சு முறையில் அடித்தால் சுண்டுவிரல் ஓயாமல் ஷிஃப்டுக்குப் போய்வரும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தாலும் ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்ட். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் கிரந்த எழுத்துகளுக்குத்தான் பெரும்பாலும் ஷிஃப்ட் வரும், ஆகவே முடிந்தால் அதற்கு மாறிவிடுங்கள், மிதியே தேவைப்படாமல் போகலாம். மாற முடியாத அளவுக்குப் பழைய முறை விரலில் ஊறிப்போன என்னைப் போன்றவர்களுக்கு இடது காலில் ஷிஃப்ட். என் மூன்று மிதிகள்: இடது காலுக்கு ஷிஃப்ட், வலது காலுக்கு கிளிக்கும் கன்ட்ரோலும்.

புரோகிராம் எழுதுகிறவர்களில் ‘விம்’ எடிட்டர் பயன்படுத்துகிறவர்கள் மிதியை கிளட்ச் போல வைத்துக்கொள்கிறார்கள், மிதித்தால் எழுதும் நிலை, விட்டால் கட்டளை நிலை. ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் காலத்திலிருந்தே நடுவில் ஓட்டு, ஒரு பக்கம் பின்னுக்கு, மறு பக்கம் முன்னுக்கு என்று காலால்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடை. என் முதல் மிதி ₹1,400, இலேசான பிளாஸ்டிக், மொசைக் தரையில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னே போய்க்கொண்டே இருக்கும். சாயங்காலம் சுவரைத் தொட்டுவிடும். அதைத் துரத்திக் கால் நீண்டு நீண்டு இடுப்பு வலி வந்தது. அதைவிட மோசம், நான்கு மாதத்தில் உள்ளேயிருந்த சுவிட்ச் கெட்டு, ஒரு தடவை மிதித்தால் இரண்டு கிளிக் விழ ஆரம்பித்தது. ஒரு புத்தகத்தில் பதினாறு பக்கப் பெட்டிகள் இடம் மாறிப்போய், ராத்திரி உட்கார்ந்து திரும்பச் செய்தேன். விற்றவர்கள் மாற்றித் தரவில்லை.

அதனால் இரும்பு அடித்தட்டு, அடியில் ரப்பர், கார் பெடல்போல மெதுவாக இறங்கும் அழுத்தம் இந்த மூன்றும் இருப்பதைப் பாருங்கள். அமைப்பு மிதிக்குள்ளேயே பதிவாகிறதா என்றும் கேளுங்கள், அப்படியென்றால் வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும். ஏற்கெனவே இலேசான மிதி வாங்கிவிட்டீர்களா, ஒரு பழைய கதவுப் பலகைத் துண்டில் திருகி, அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டுங்கள். நகராது.

சொந்தமாகச் செய்யலாமா?

செய்யலாம். பழைய யூஎஸ்பி மவுஸ் ஒன்றைத் திறந்தால் இடது பட்டனுக்குக் கீழே சின்னச் சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்சில், அமுக்கும்போது இணைகிற இரண்டு உலோக முனைகளில் இரண்டு வயரைப் பற்றவைத்து, வெளியே ஒரு காலிங் பெல் சுவிட்சில் கொண்டுபோய் இணைத்துவிட்டால் அதுவே மிதி. மவுஸின் அடிக்கண்ணை டேப்பால் மூடிவிடுங்கள். இரண்டு மவுஸ் செருகினாலும் ஒரே அம்புக்குறிதான் வரும், ஒன்றால் நகர்த்தி மற்றதால் அமுக்கலாம், எந்த மென்பொருளும் வேண்டாம். பெல் சுவிட்சை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கதவுக் கீல் போட்டுவிட்டால் கால் முழுவதும் படும்.

மவுஸில் ஓடுவது யூஎஸ்பியின் 5 வோல்ட், பயமில்லை. ஆனால் தையல் மெஷின் மோட்டாரின் பெடலைக் கழற்றி இதில் இணைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டவே வேண்டாம். அது வீட்டு மின்சாரம் ஓடும் பெடல்.

எப்படி உட்கார வேண்டும்? செருப்பு போடலாமா?

குதிகால் எப்போதும் தரையில். அதை அச்சாக வைத்துப் பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் இறக்க வேண்டும். தொடையோடு சேர்த்துத் தூக்கித் தூக்கி மிதித்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு கேட்கும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, மிதிக்குமேல் பாதத்தை அந்தரத்தில் பிடித்துக் காத்திருப்பது. முன்கால் எலும்பின் ஓரத்தில் ஒரு தசை கல்லாக இறுகும், அதுதான் அறிகுறி. வேலை இல்லாதபோது பாதம் மிதிக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருக்க வேண்டும். அல்லது பாதத்தின் பாரம் முழுவதும் மேலே இருந்தாலும் அமுங்காத அளவு விறைப்பான மிதியாக இருக்க வேண்டும். நாற்காலி உயரமாக இருந்து குதிகால் எட்டவில்லையென்றால் மிதிக்கும் குதிகாலுக்கும் சேர்த்து ஒரே பலகை போடுங்கள். நின்றுகொண்டு மிதிக்கவே மிதிக்காதீர்கள், பாரம் முழுக்க ஒரே காலில் ஏறும். வெறுங்கால்தான் சிறந்தது, எங்கே இருக்கிறோம் என்று தோல் சொல்லிவிடும். ஏசி அறையில் சாக்ஸ் போதும்.

கால் வலிக்காதா? கைவலி போய்க் கால்வலி வந்தால்?

வரும், அளவு மீறினால். அரைநாள் மிதியில், அரைநாள் கையில் என்று நான் மாற்றிக்கொள்கிறேன், மாதத்துக்கு ஒரு தடவை இடது வலது மாற்றிப் போடுகிறேன். கெண்டைக்காலில் இழுப்போ விரலில் மரத்துப்போவதோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மேலே நான் சொன்ன வெறுங்கால் யோசனை உங்களுக்கு இல்லை. மிதியின் விளிம்பு அழுத்திப் புண்ணாவதே தெரியாமல் போய்விடும். மெத்தென்ற மூடிய காலணி போடுங்கள், தினமும் ராத்திரி பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், வீட்டில் யாரையாவது பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மவுஸை முழுவதும் காலாலேயே ஓட்ட முடியாதா?

முடியும், கை சுத்தமாக உதவாதவர்கள் ஓட்டுகிறார்கள். தரையில் சறுக்கும் மவுஸைவிடப் பெரிய பந்து வைத்த டிராக்பால் எளிது, ஏனென்றால் கருவி நகராது, பந்து மட்டும் பாதத்துக்கு அடியில் உருளும். ஒரு கால் பந்தை உருட்ட, மறு கால் கிளிக் மிதியில். அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து, எழுத்தையும் பட்டன்களையும் திரையில் பெரிதாக்குங்கள், குறி பெரிதானால் காலுக்குப் பாதிக் கஷ்டம் போய்விடும்.

பழக எவ்வளவு நாள் ஆகும்? இந்த வயதில் மூளை ஏற்குமா?

எனக்குக் கிளிக் மிதி யோசிக்காமல் வர மூன்று வாரம், ஷிஃப்ட் மிதிக்கு இரண்டு மாதம். முதல் வாரம் சாப்பிடும்போதுகூட வலது கால் தானாகத் துடிக்கும், பயப்பட வேண்டாம். கார், பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது, கிளட்ச் பழகிய கால்.

சின்ன வயதிலிருந்தே காலை மட்டும் நம்பி வாழ்கிறவர்களின் கதை வேறு. 2019இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், பிறவியிலேயே கைகள் இல்லாத இரண்டு கால் ஓவியர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நமக்கு மூளையில் கைவிரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வரிசையாக இருப்பதுபோல, அவர்களுக்குக் கால்விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் இருந்தது. மற்றவர்களிடம் அந்த வரிசை தென்படவில்லை. கால்விரல் ஒன்றாகச் சேர்ந்தே அசைவது பாதத்தின் குறைபாடு என்று நான் நினைத்திருந்தேன். நாம் அதைத் தனித்தனியாக வேலை வாங்கவே இல்லை என்பதும் ஒரு காரணமோ என்று அதைப் படித்தபின் தோன்றியது.

இரு கைகளும் இல்லாதவர்கள் உண்மையில் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவி அம்பு விடுவதை ஒரு தடவை வீடியோவில் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தால் வில்லைத் தூக்கிப் பிடிப்பார், தோளில் மாட்டிய கருவியால் நாணை இழுப்பார், தாடையால் விடுவிப்பார். பாதம் நடுங்காமல் நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிதான் எனக்கு மூச்சை நிறுத்தும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்புக் குழுப் போட்டியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. அதே பாரிஸில் ஆடவர் தனிநபர் ‘காம்பவுண்ட்’ வில் பிரிவில் தங்கம் வென்ற அமெரிக்கர் மேட் ஸ்டட்ஸ்மனும் காலால் வில் பிடிப்பவர்.

ஜெசிகா காக்ஸ் 2008இல் விமானி உரிமம் பெற்றார், இரு கைகளும் இல்லை. அவர் ஓட்டிய ‘எர்கூப்’ என்ற பழைய விமானத்தில் காலால் மிதிக்கும் சுக்கான் மிதியே கிடையாது, அதனால் இரண்டு காலும் மேலே வேலை செய்யக் கிடைத்தன. ஒரு கருவியின் அமைப்பு எவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது, மூடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கேரளத்தின் ஜிலுமோள் தனக்கேற்ப மாற்றியமைத்த காரைக் காலால் ஓட்டி 2023 டிசம்பரில் ஓட்டுநர் உரிமம் பெற்றார், பல வருடம் விடாமல் கேட்டுக் கிடைத்த உரிமம் அது.

அன்றாடத்துக்கு: போன் தொடுதிரை கால்விரலுக்கும் வேலை செய்யும், தோல் காய்ந்து வெடித்திருந்தால் சரியாக உணராமல் போகலாம். போனைத் தரையில் சாய்த்து வைக்க ஒரு சாய்மானம், முழங்கால் உயரத்துக்கும் குறைவான மேசை, இடம் தாராளமாக இருக்கும் தரை. இவ்வளவு இருந்தால் பலதும் தொடங்கிவிடலாம்.

அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறவராக இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உங்கள் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

கண் ஆபரேஷனில் டாக்டர் காலால் இயக்குகிறாராமே, நிஜமா?

நிஜம்தான். கண்புரை அறுவையில் இரண்டு கையும் கண்ணுக்குள் நுழைந்த கருவிகளோடு இருக்கும். ஒரு பாதம் மைக்ராஸ்கோப்பின் மிதியில், தெளிவையும் அளவையும் மாற்ற. மற்றப் பாதம் அறுவைக் கருவியின் மிதியில்: கொஞ்சம் அழுத்தினால் திரவம் உள்ளே போகும், இன்னும் அழுத்தினால் உறிஞ்சும், முழுதாக அழுத்தினால் அல்ட்ராசவுண்ட் புரையை உடைக்கும். ஒரே மிதியில் மூன்று படி, அதைப் பாதத்தின் உணர்விலேயே பிரித்தறிகிறார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி மெஷின்களிலும் இதே மாதிரிதான். முன்பாதத்தை அழுத்தினால் தையல் ஓடும், குதிகாலைப் பின்னால் சாய்த்தால் நூல் அறுக்கும், முழங்காலால் பக்கத்து லிவரைத் தள்ளினால் துணியைப் பிடித்திருக்கும் மெஷினின் இரும்புப் பாதம் மேலே எழும். ‘காலால் இட்ட வேலையைத் தலையால் செய்வான்’ என்பார்கள். அங்கே காலே தலை வேலையும் பார்க்கிறது.

பட்டறையில் மெஷினுக்குக் கால்மிதி வைத்தால் பாதுகாப்பா?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். துளையிடும் மெஷின், கடைசல் போன்றவற்றில் காலை எடுத்தால் நின்றுவிடும் மிதி நல்லது. ஆனால் தகடு வெட்டும் பவர் பிரஸ் வேறு. கால்மிதி கையை விடுவிக்கிறது என்று இவ்வளவு நேரம் சொன்னேன், அங்கே அதுதான் ஆபத்து. விடுபட்ட கை தகட்டைச் சரிசெய்ய அச்சுக்குள் போகும், அதே நேரம் பழக்கத்தில் கால் இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் இறங்கும்படி வைக்கிறார்கள், கை எங்கே இருக்கிறது என்பது உறுதியாகிவிடும். உற்பத்தி வேகத்துக்காக அதைக் கழற்றிவிட்டு மிதி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் அப்படி இரண்டு விரல் போனவர் இருக்கிறார்.

மிதியைத் தவிர்க்கவே முடியாத மெஷினாக இருந்தால் மேலே இரும்பு மூடி இருக்க வேண்டும், கருவி விழுந்தோ யாராவது தடுக்கியோ அமுங்கக் கூடாது. மிதிமேலேயே காலை வைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது.

மிதியை எப்படிச் சுத்தம் செய்வது?

வாரம் ஒரு தடவை யூஎஸ்பியைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்துத் தட்டுங்கள். முடியும் மணலும்தான் அதிகம் விழும். கீலில் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். தரை கழுவும் நாளில் மிதியை முதலில் மேசைமேல் எடுத்து வைத்துவிடுங்கள். என் இரண்டாவது மிதி போனது அப்படித்தான், ஒரு வாளித் தண்ணீரில்.